இனாரி மலையும் நெற்றெய்வமும்

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, யப்பானின் தலைநகராயிருந்த கியோத்தோவில், பேரரசி தெய்ஷியின் அவையிற் பணிபுரிந்த செய் ஷொனாகொன் என்னும் அம்மையார் ஒருநாள் விடியற்காலையில் மலைக்கோயில் ஒன்றை நோக்கிப் புறப்பட்டார். அது இரண்டாம் மாதத்துக் குதிரை நாள். அரண்மனை நிழலில் வாழ்ந்து பழகிய உடம்பு, ஏற்றமோ கடுமையானது. பாதி வழியை அடையும்போதே காலை பத்து மணியளவாகிவிட்டது. வெயில் ஏறியது, கண்ணில் நீர் துளித்தது. எதற்காக இப்படிப்பட்ட நாளிலே வந்தோம் என்று நொந்து அவர் இளைப்பாற அமர்ந்தார். அப்போது நாற்பது வயதைக் கடந்த பெண்ணொருத்தி, யாத்திரைக்குரிய உடைகூட இன்றி, சேலைத் தலைப்பைச் செருகுவதுபோல் ஆடையைத் தூக்கிச் செருகியபடி எதிரே வந்தாள். அன்று ஏழு முறை ஏறி வணங்கப் போவதாகவும், மூன்று முறை முடிந்துவிட்டதாகவும், எஞ்சிய நான்கும் தனக்கு ஒரு பொருட்டல்ல என்றும், பிற்பகல் இரண்டு மணியளவில் வீடு திரும்பிவிடலாம் என்றும் வழியிற் கண்டவர்களிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள். வேறோர் இடத்திலானால் அம்மையாரின் கண்ணில் அவள் பட்டிருக்கவே மாட்டாள். அவ்வேளையிலோ, அவளுடைய உடம்பு தமக்கு வாய்த்திருக்கக் கூடாதா என்று அம்மையார் ஏங்கினார். 'தலையணை நூல்' என வழங்கும் தம் குறிப்பு நூலில், பிறரைக் கண்டு ஏங்கத்தக்கவற்றை வரிசைப்படுத்தும் இடத்தில் இதனையும் அவர் எழுதி வைத்தார்.

அரசவை மங்கையையும் பெயர் அறியாத அப்பெண்ணையும் ஒரே நாளில் ஒரே படியில் ஏற்றிய அந்த மலை, கியோத்தோ நகரின் தென்கிழக்கில், 233 மீற்றர் உயரத்தில் நிற்கும் இனாரி மலையாகும். அதன் அடிவாரத்தில் உள்ளது புஷிமி இனாரிப் பெருங்கோயில். யப்பான் முழுவதிலும் இனாரித் தெய்வத்துக்கு முப்பதாயிரம் கோயில்கள் வரை உண்டெனக் கணக்கிடுவர். அவை அனைத்துக்கும் தாய்க்கோயில் இதுவே. நெல்லுக்கும் விளைவுக்கும் வளத்துக்கும் உரிய தெய்வம் இனாரி. ஒரு வயற்றெய்வம் பேரரசரின் பட்டத்தையும் வணிகரின் காணிக்கையையும் பெற்ற வரலாறு, யப்பானியர் சோற்றோடு கொண்ட உறவின் வரலாறேயாகும்.

கோயிலின் தோற்றத்தைக் கூறும் பழங்கதை ஒன்றுண்டு. கியோத்தோவைத் தன்னகத்தே கொண்டிருந்த யமஷிரோ நாட்டைப் பற்றி எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற நாட்டுவிவர நூல் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆயினும் பிற்கால நூல்கள் எடுத்தாண்ட பகுதிகளில் அக்கதை தப்பிப் பிழைத்தது. ஹாத்தா குலத்து இரோகு என்பவன் நெல்லைக் குவித்துச் செல்வச் செருக்கோடு வாழ்ந்தான். ஒருநாள் அரிசி மாவுருண்டை ஒன்றை இலக்காக வைத்து அம்பெய்து விளையாடினான். உடனே அவ்வுருண்டை வெண்பறவையாக மாறிப் பறந்து சென்று மலையுச்சியில் இறங்கிற்று. இறங்கிய இடத்தில் நெல் முளைத்தது. 'நெல் விளைந்தது' எனப் பொருள்படும் 'இனெ நரி' என்ற தொடரே இனாரி எனத் திரிந்து கோயிலின் பெயராயிற்று என்பது கதை. இது நிகழ்ந்த ஆண்டு கி. பி. 711 எனவும், நாள் இரண்டாம் மாதத்து முதற் குதிரை நாள் எனவும் கோயில் மரபு கூறும். செய் ஷொனாகொன் மலையேறியதும் அந்த மாதத்துக் குதிரை நாளிலேதான். இன்றும் பெப்ரவரி மாதத்து முதற் குதிரை நாள் அங்கே பெருவிழாவாகக் கொண்டாடப்படுகிறது.

கதை அங்கே முடியவில்லை. இரோகுவின் வழித்தோன்றல்கள் முன்னோன் செய்த பிழைக்கு வருந்தி, கோயிற்புறத்து மரக்கன்றை வேரோடு பெயர்த்துத் தம் வீட்டில் நட்டு வழிபட்டனர். கன்று தழைத்தால் அருள் கிட்டும். பட்டுப்போனால் கிட்டாது என்பது நம்பிக்கை. பெருவிழாவன்று அடியார்க்குத் தேவதாருக் கிளையைத் திருச்சின்னமாக வழங்கும் வழக்கம் இதனோடு தொடர்புடையது. வயிறு நிரம்பியவன் உணவை விளையாட்டுப் பொருளாக்கினால் உணவு அவனை விட்டுப் பறந்துவிடும். பணிந்து நட்டவனிடமே அது மீண்டும் வேர்கொள்ளும் என்னும் எச்சரிக்கையைத் தன் பிறப்புக் கதையாகவே வைத்துக்கொண்ட கோயில் இது.

ஹாத்தா குலத்தார் கொரிய நாட்டிலிருந்து குடியேறியவர்கள். பட்டுப்புழு வளர்ப்பு, நெசவு, மது வடித்தல் ஆகிய தொழில்களில் வல்லவர்கள். எல்லாவற்றிலும் மேலாக, நீரை அடக்கி ஆளத் தெரிந்தவர்கள். கத்சுரா ஆற்றின் குறுக்கே அணை கட்டி, கால்வாய் வெட்டி, கியோத்தோ வடிநிலத்தை வயலாக்கியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 794 இல் பேரரசர் கன்மு தலைநகரை அங்கே அமைத்தபோது, அது ஏற்கெனவே பண்பட்டிருந்த மண்ணாயிருந்தது. வேற்று நிலத்திலிருந்து வந்தவர் ஏர்பூட்டிய வயலில் யப்பானியரின் பெருந்தெய்வங்களுள் ஒன்று பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கே வீற்றிருக்கும் முதன்மைத் தெய்வத்தின் பெயர் உகா நோ மிதாமா. 'உகா' என்பது உணவைக் குறிக்கும் பழஞ்சொல். 'மிதாமா' என்பது தெய்வ ஆவி. கோயில் தோன்றியதற்கு மறு ஆண்டாகிய 712 இல் நிறைவுற்ற 'கொஜிக்கி' என்னும் புராண நூலிலும், 720 இல் நிறைவுற்ற 'நிஹொன் ஷொக்கி'யிலும் இப்பெயர் காணப்படுகிறது. உணவு எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஜிக்கி ஒரு கடுமையான விடை கூறும். ஒகெத்சு ஹிமே என்னும் உணவுத் தேவி தன் உடலிலிருந்தே உணவை எடுத்துப் படைத்தாள். அதனை அருவருத்த சுசனொவோ என்னும் தெய்வம் அவளைக் கொன்றது. இறந்த அவளுடைய கண்களிலிருந்து நெல்லும், காதுகளிலிருந்து தினையும், பிற உறுப்புகளிலிருந்து அவரையும் கோதுமையும் முளைத்தன. மண்ணுக்குள் மடியும் விதையே கதிராக எழுகின்றது என்னும் உழவனின் அறிவு இவ்வாறு புராணமாகியது.

விளைவையும் மகப்பேற்றையும் பழங்கால யப்பானியர் வேறு வேறாக எண்ணவில்லை. மின்னலுக்கு அவர்கள் மொழியில் 'இனசுமா' என்று பெயர். 'நெல்லின் துணை' என்பது அதன் பொருள். பயிர் கதிர்விடும் பருவத்திலே மின்னல் மிகுவதைக் கண்டு, வானத்து ஒளி வயலைச் சேர்வதனாலேயே நெல்மணி பாலேறுகிறது என்று நம்பினர். வேனில் தொடங்கும்போது மலைத்தெய்வம் வயலுக்கு இறங்கி வந்து பயிரைக் காக்கும். அறுவடை முடிந்ததும் மலைக்குத் திரும்பும் என்பது நாட்டுப்புறத்தார் கொள்கை. மலையிலிருந்து நீர் இறங்கி வயலை நனைப்பதைக் கண்ட மக்களுக்கு இக்கொள்கை இயல்பாகவே தோன்றியிருக்கும். பயிருக்காக வேண்டிய தெய்வத்திடமே குடும்பத்தார் பிள்ளை வரத்தையும் சுகப்பிரசவத்தையும் வேண்டினர்.

உழவரின் தெய்வம் அரசரின் அவைக்கு ஏறியது 827 இல். பேரரசர் ஜுன்னா நோயுற்றார். கியோத்தோவின் தொஜி என்னும் பௌத்த மடத்துக்குக் கோபுரம் எழுப்ப இனாரி மலையின் மரங்களை வெட்டியமையால் உண்டான தெய்வக் குற்றமே நோய்க்குக் காரணம் என்று குறிபார்த்தோர் கூறினர். தெய்வத்தின் சினத்தை ஆற்ற, பேரரசர் அதற்கு ஐந்தாம் படிநிலைப் பட்டம் ஒன்றை வழங்கினார். அதன்பின் பட்டங்கள் படிப்படியாக உயர்ந்து, 942 இல் யாவற்றினும் மேலான முதற்படி இனாரிக்குக் கிட்டியது. தொஜி மடத்தோடு நேர்ந்த பகை உறவாகவும் மாறியது. அம்மடத்தை ஆண்ட குகாய் என்னும் பௌத்தப் பேராசான், நெற்கதிர் சுமந்து வந்த முதியவர் ஒருவரை மடத்து வாயிலில் எதிர்கொண்டு உபசரித்தார் என்றும், அம்முதியவர் இனாரித் தெய்வமே என்றும் ஓர் ஐதிகம் உண்டு. இனாரிப் பெருவிழாவில் தெய்வப் பல்லக்குகள் மலைக்குத் திரும்பும் நாளில், தொஜி மடத்துத் துறவிகள் வாயிலில் நின்று அவற்றுக்குப் படையலிடும் வழக்கம் இன்றும் நிலவுகிறது.

பௌத்தத்தோடு கலந்த காலத்திலே இனாரியின் நரிக்கு ஒரு புதிய துணை வந்து சேர்ந்தது. இந்தியாவில் பிணந்தின்னும் பேயாகக் கருதப்பட்டவள் இடாகினி. சிலப்பதிகாரத்திலும் இடாகினிப் பேய் இடம்பெறுகின்றது. பௌத்த தாந்திரிக நெறியோடு சீனம் வழியாக யப்பானை அடைந்த அவள், அங்கே வெள்ளை நரிமேல் ஏறிவரும் தாகினித் தேவியாகி, இனாரியோடு ஒன்றாக வைத்து எண்ணப்பட்டாள். ஐச்சி மாநிலத்துத் தொயொகாவா இனாரி ஷிந்தோக் கோயிலன்று. 1441 இல் நிறுவப்பட்ட ஒரு ஸென் பௌத்த மடம். அங்கே வணங்கப்படுபவள் இத்தேவியே.

நரி தெய்வமன்று, தெய்வத்தின் தூதே என்பதை இனாரிக் கோயிலார் வற்புறுத்திக் கூறுவர். அதுவும் காட்டில் திரியும் நரியன்று. மனிதர் கண்ணுக்குப் புலனாகாத வெள்ளை நரி. நரி ஏன் தூதாயிற்று என்பதற்கு விளக்கங்கள் பல. வயலில் நெல்லைத் தின்னும் எலியை அது வேட்டையாடும். அதன் வாலின் நிறமும் வடிவும் முற்றிய நெற்கதிரை ஒத்தவை. கோயிலெங்கும் நிற்கும் கல் நரிகளின் வாயில் திறவுகோல், நெற்கதிர், மணி, ஏட்டுச்சுருள் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். திறவுகோல் நெற்களஞ்சியத்துக்குரியது என்பர். எண்ணெயிற் பொரித்த சோயாத் தயிர்க்கட்டி நரிக்கு விருப்பமானது என்ற நம்பிக்கையால், அதனைப் பைபோலாக்கிச் சோற்றை நிரப்பிய பண்டத்துக்கே 'இனாரிஸுஷி' என்று பெயர் வழங்குகிறது.

இக்காலத்து யாத்திரிகர் 1879 இல் திறக்கப்பட்ட இனாரிப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் எதிரே செந்நிறத் தோரணவாயிலைக் காண்பர். 'தொரி' எனப்படும் இவ்வாயில், மனிதர் நடமாடும் நிலத்தையும் தெய்வம் உறையும் நிலத்தையும் பிரிக்கும் எல்லையாகும். அதனைக் கடந்தால் ஈரடுக்கு முகவாயில். நாட்டை ஒன்றாக்கி ஆண்ட தொயொதொமி ஹிதெயோஷி, தம் தாயார் நோயுற்றபோது, அவர் பிழைத்தால் பதினாயிரம் கொக்கு நெல்வருவாய் அளிப்பதாக நேர்ந்துகொண்டு, 1589 இல் இதனை எழுப்பினார் என்பது வழிவழியாக வந்த செய்தி. 1973 இல் இவ்வாயிலைப் பழுதுபார்த்தபோது மரத்தில் மையால் எழுதப்பட்டிருந்த ஆண்டுக் குறிப்பு வெளிப்பட்டு, செய்தியின் காலக்கணக்கை மெய்ப்பித்தது. வாயிலுக்கு அப்பால் உள்ள மூலக்கோயில் 1499 இல் கட்டப்பட்டது. அதற்கு முன்பிருந்தவை 1468 இல், ஓனின் போர் என்னும் உள்நாட்டுப் பூசலில் எரிந்து சாம்பலாயின. மீண்டும் எழுப்ப முப்பது ஆண்டுகள் சென்றன.

ஹிதெயோஷி நேர்ந்துகொண்ட 'கொக்கு' என்னும் அளவையே, வயற்றெய்வம் வணிகத் தெய்வமான காரணத்தை விளக்குவது. ஒரு கொக்கு என்பது ஏறத்தாழ 180 லீற்றர். நிறையில் 150 கிலோகிராம் அரிசி. ஓர் ஆள் ஓராண்டு உண்பதற்குப் போதுமானது என்பது பழங்கணக்கு. 1603 முதல் 1868 வரை நிலவிய எதோக் காலத்தில், ஒரு சிற்றரசரின் பெருமை அவர் நாடு எத்தனை கொக்கு விளைவிக்கும் என்பதைக் கொண்டே மதிக்கப்பட்டது. வரி நெல்லாகச் செலுத்தப்பட்டது. போர்வீரரின் ஊதியமும் நெல்லாக அளக்கப்பட்டது. அந்நெல் ஒசாக்கா நகரத்துக் களஞ்சியங்களை அடைந்து காசாகியது. 1730 இல் அந்நகரின் தொஜிமாச் சந்தைக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தபோது, கண்ணாற் காணாத நெல்லையும் சீட்டின் வாயிலாக விற்கவும் வாங்கவும் வணிகர் பழகியிருந்தனர். செல்வம் என்றாலே நெல் என்றிருந்த நாட்டில், நெற்றெய்வம் செல்வத் தெய்வமானதில் வியப்பில்லை. கடைத்தெருக்களிலும் சிற்றரசர் மாளிகைகளிலும் இனாரிக்குச் சிறு கோயில்கள் பெருகின. தொழில் செழிக்கவும் தீ அணுகாதிருக்கவும் நகரத்தார் இனாரியையே வேண்டினர்.

நன்றிக் காணிக்கையாகத் தோரணவாயில் நாட்டும் வழக்கமும் அக்காலத்திலேதான் பரவியது. 'கடந்து செல்லுதல்' என்ற பொருள் தரும் சொல்லோடு சேர்த்து, வேண்டுதல் தடையின்றிக் கடந்து செல்லுக என்றும், கடந்து நிறைவேறியது என்றும் எண்ணி அடியார்கள் அவற்றை அளித்தனர். இன்று மலை முழுவதும் ஏறத்தாழப் பதினாயிரம் வாயில்கள் நிற்கின்றன. மூலக்கோயிலுக்குப் பின்னே அவை இரு வரிசைகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கிச் செந்நிறச் சுரங்கம்போல் நீள்கின்றன. ஏறுகின்றவருக்கு நிறம் மட்டுமே தெரியும். இறங்குகின்றவருக்குத் தூண்களின் பின்புறத்தில் கரிய எழுத்தில் பொறித்த பெயர்களும் ஆண்டுகளும் தெரியும்: ஒரு நிறுவனம், ஒரு கடை, ஒரு குடும்பம். சாதிலிங்கத்தால் ஆன செஞ்சாயம் தீமையை விலக்கும் என்பர். மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் என்பதும் பழையோர் அறிந்ததே. ஆயினும் மழையும் மண்ணும் சில ஆண்டுகளில் அடிமரத்தை உளுக்கச் செய்துவிடும். உளுத்தது அகற்றப்பட, புதியவரின் வாயில் அவ்விடத்தில் நாட்டப்படும்.

வரிசைகள் முடியும் இடத்தில் மலையை நோக்கி வணங்கும் துணைக்கோயிலும், அருகே இரு கல்விளக்குகளும் உண்டு. வேண்டுதலை மனத்திற்கொண்டு விளக்கின் தலைக்கல்லைத் தூக்குவர். நினைத்ததைவிட இலேசாக இருந்தால் வேண்டியது கைகூடும். பாரமாக இருந்தால் கைகூடுவது அரிது. மலையைச் சுற்றிவர ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் நடக்க வேண்டும். வழிநெடுகத் தனியார் நாட்டிய 'ஒத்சுகா' என்னும் கற்கள் ஆயிரமாயிரமாகச் செறிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வப் பெயர். 1868 இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரித்து ஆணையிட்டபோது, கோயில் எல்லைக்குள் இருந்த அயிஸென்ஜி என்னும் பௌத்த மடம் அழிக்கப்பட்டது. கோயில்கள் அரசின் கட்டுக்குள் வந்தன. மேலிருந்து வந்த ஆணைகள் எவ்வாறிருப்பினும், பொதுமக்கள் தாம் விரும்பிய பெயரால் தெய்வத்தை அழைத்துக் கல் நாட்டும் வழக்கம் அதன்பின்னரே பெருகியது. போருக்குப் பின், 1946 இல் அரசுப் பிடி நீங்கியபோதும், இக்கோயில் ஏனைய ஷிந்தோக் கோயில்களின் ஒன்றியத்திற் சேராது தனித்தே நின்றது.

வாயில்களைப் படம்பிடிக்க வருவோரிற் பலர் காணாது செல்லும் ஓரிடம் இங்கே உண்டு. அது கோயிலுக்குரிய திருவயல். ஏறத்தாழ 330 சதுர மீற்றர் பரப்புள்ள சிறு வயல். ஏப்பிரல் 12 இல் மடைவாய் விழா நடத்தி விதைநெல் தூவுவர். யூன் 10 இல் வேட்டலங்கார உடையணிந்த பெண்கள் இசைக்கேற்ப நாற்று நடுவர். பக்கத்தில் நடனம் நிகழும். ஒக்டோபர் 25 இல் கதிர் கொய்யப்படும். நவம்பர் 8 இல் தீ வளர்த்து, அவ்வயலின் வைக்கோலை எரித்து, வயலுக்கு வந்த தெய்வத்தை நன்றியோடு மலைக்கு வழியனுப்புவர். நவம்பர் 23 இல் புதிய அரிசியைப் படைப்பர். பதினாயிரம் வாயில்களும் இந்தச் சிறு வயலை நம்பியே நிற்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

ஏனெனில், வயலுக்கு வெளியே யப்பானியரின் சோறு சுருங்கி வருகிறது. 1962 இல் ஓர் யப்பானியர் ஆண்டுக்குச் சராசரியாக 118 கிலோகிராம் அரிசி உண்டார். இந்நூற்றாண்டின் இருபதுகளில் அது ஏறத்தாழ 50 கிலோகிராமாகிவிட்டது. மிகுந்த நெல்லை என்செய்வதென்று அறியாத அரசு, 1970 அளவிலிருந்து 2018 வரை நெல் விளைவிக்காதிருக்குமாறு உழவருக்குப் பணம் கொடுத்தும் அளவு வகுத்தும் வந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போயினர். உழவரின் சராசரி வயது எழுபதை நெருங்கியது. இவ்வாறிருக்க, 2024 கோடையில் கடைத்தட்டுகளில் அரிசி தீர்ந்தது. 2025 இல் விலை முந்திய ஆண்டினும் இருமடங்களவாக ஏறியது. அவசரத்துக்கென வைத்திருந்த இருப்பை அரசு திறந்துவிட, மக்கள் கடைவாயிலில் வரிசையாக நின்று அதனை வாங்கினர். சோறு குறைந்துவிட்ட வீட்டிலும் அரிசி இல்லாத நாள் பெருங்கலக்கமாகவே வந்தது.

அரிசி உருண்டையைக் குறியாக்கி எய்தவனின் கதை கியோத்தோ மக்களுக்குப் புதிதன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் அதனைக் கேட்டு வந்துள்ளனர். பறவை போன கதை அனைவருக்கும் நினைவிருக்கும். வேரோடு பெயர்த்த கன்றை வீட்டில் நட்டு, தழைக்கின்றதா என்று காத்திருந்தவர்களின் கதை அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இன்றும் யூன் மாதத்தில் அந்தச் சிறு வயலின் சேற்றில் இறங்கி, குனிந்து, முடிமுடியாக நாற்றை ஊன்றும் பெண்கள் அக்கதையின் பிற்பகுதியையே செய்து காட்டுகின்றனர். அவர்கள் நட்டது தழைத்தால் நவம்பரில் ஒரு பிடி புத்தரிசி படையலுக்குக் கிடைக்கும். மலையிலுள்ள அத்தனை வாயில்களும் அந்த ஒரு பிடி அரிசிக்காக எழுந்தவை.